முப்பதாவது கட்டம்

"கால் ரெண்டு, பெடல் மூணு. இதுலயே பாதிப் பேர் பயந்துடுவாங்க. நீங்க பயப்படாதீங்கம்மா," என்றார் மாஸ்டர்.

அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. எரிச்சல்தான் மண்டிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் நிற்கும் இதே காருக்குள் உட்கார்ந்துகொண்டு, இதே வாக்கியத்தை, இதே இடத்தில் வரும் இதே சிரிப்போடு, ஒன்பதாவது நாளாகக் கேட்கிறாள். அடுத்து என்ன வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

"இன்னைக்கு எஞ்சினைத் தொடக் கூடாது. முதல் நாள் யாரும் தொடக் கூடாது, அது நம்ம ஸ்கூல் ரூல். சும்மா கிளட்ச்சை அமுக்கி அமுக்கிப் பழகுங்க. நாளைக்கு ஸ்டார்ட் பண்ணலாம்."

அந்த நாளைதான் வருவேனா என்கிறது. மறுநாள் காலையில் அவருக்கு நேற்று என்று ஒன்று நடந்ததே தெரியாது. மறுபடியும் கால் ரெண்டு, பெடல் மூணு.

மாஸ்டர் அவளுடைய கணவர். முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. அப்புறம் தெருக்கள் மறந்தன. தெருக்களே தொழிலாக இருந்த மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன மிச்சம்? ஸ்கூலை மூடினார்கள். கடைசியில் அவளும் மறந்துபோனாள். ஒருநாள் டீ டம்ளரை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அவள் சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். ஊசி என்றால் அலறுகிற குழந்தையிடம்கூட, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நரம்பைக் கண்டுபிடித்து, அது அழ ஆரம்பிப்பதற்குள் பஞ்சை வைத்துவிடுவாள். இப்போது ஐந்து மாதமாக நீண்ட விடுப்பில் இருந்தாள். லேபின் பெரியம்மா, அதாவது தலைமை டெக்னீஷியன், போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் நாப்பது நாள். நாப்பத்தோராவது நாள் காலையில நீ உன் நாற்காலியில இல்லைன்னா, அந்த நாற்காலியில வேற ஆள் இருக்கும். என்னால இழுத்துப் பிடிக்க முடியலைம்மா."

அந்த நாற்காலிதான் இப்போது அவளுக்கு உலகத்தின் ஒரே ஜன்னல். வீட்டில் இருக்கும் ஜன்னல்களை அவளே தாழ் போட்டு வைத்திருந்தாள். வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. இரண்டின் சாவியும் அவள் கழுத்துச் சங்கிலியில். தினமும் நாலு மணி ஆனால் மாஸ்டருக்குக் கிளாஸ் நேரம் வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு கதவை உலுக்குவார். "என்னை எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்பார். அவர் உள்ளே அடைபட்டிருந்தார் என்றால் அவள் மட்டும் என்ன, வெளியிலா இருந்தாள்? குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை நடையில் வைத்துக் குளிக்கிறவள். கத்த வேண்டும் என்று தோன்றினால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு கத்துவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டீ போடுவாள்.

மறதிக்காரர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. காலையில் விட்டு மாலையில் கூட்டிக்கொள்ளலாம். இடமும் கிடைத்துவிட்டது. மாஸ்டரை அங்கே கொண்டுபோவதுதான் பெரும் பாடு. அவரைப் பயணியாக எந்த வண்டியிலும் உட்கார வைக்க முடியாது. டாக்ஸியில் ஏறியவர், இரண்டாவது திருப்பத்தில், "இன்டிகேட்டர் எங்கேடா?" என்று டிரைவர் பின்மண்டையில் ஒன்று வைத்தார். இல்லத்தின் வேனில் ஏறிய அன்று முன்னால் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். அத்தோடு வேன் அவர்கள் தெருப்பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அவர் சமர்த்தாக ஏறுகிற வண்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: முன்னாலும் பின்னாலும் எல் போர்டு ஒட்டிய அவருடைய பழைய கார். அதில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட், காலடியில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அங்கே உட்கார்ந்தால் அவர் முகமே மாறிவிடும். ஓட்டுகிற சீட்டில் ஒரு ஸ்டூடண்ட் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஐம்பத்திரண்டு வயதில் பழகுநர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவிக்கு ஓட்டத் தெரியாது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "உனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை.

பத்தாவது நாள் பேட்டரி படுத்துவிட்டது. ஸ்கூலில் வேலை பார்த்த பழைய மெக்கானிக் வந்தான். பேட்டரியை மாற்றிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவள் கதை முழுவதையும் கேட்டான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, கார்டு எங்க?"

"எந்தக் கார்டு?"

"சரியாப் போச்சு. கார்டு இல்லாம ஸ்டூடண்டா? எல்லாருக்கும் ஒரு அட்டை கொடுப்பாரு. அதுல முப்பது கட்டம். ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் ஒரு கட்டத்துல கையெழுத்துப் போடுவாரு. மறுநாள் அட்டையைப் பார்த்துத்தான் பாடத்தையே ஆரம்பிப்பாரு. மறதி வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு ஸ்டூடண்ட்ஸ் மூஞ்சி ஞாபகம் இருக்காது, அட்டைதான்."

பீரோவின் அடித்தட்டில் ஒரு கட்டு அட்டை கிடந்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இதைக் கையால் தொட்டதில்லை. அன்று கால் ரெண்டு, பெடல் மூணு முடிந்ததும் அட்டையை நீட்டினாள். மாஸ்டர் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முதல் கட்டத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இந்த அம்மாவை அவர் முன்பின் பார்த்ததே இல்லை. ஆனால் கையெழுத்து அவருடையது.

"முதல் கிளாஸ் முடிஞ்சிருக்கு. சரி, இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணலாம்மா."

அவர் தன் ஞாபகத்தை நம்பவில்லை, தன் கையெழுத்தை நம்பினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. பயத்தில் ஹாரனை அமுக்கிவிட்டாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கிளிப்பைக் கீழே போட்டாள்.

அதன் பிறகு கட்டங்கள் ஒன்றொன்றாக நிறைந்தன. மெக்கானிக் தன் பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வான். வண்டியை அவனே ஓட்டி மாஸ்டரை இல்லத்தில் விட்டுவிடலாமே என்று அவளுக்கு ஆசை வராமல் இல்லை. ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். "ரிப்பேர் முடிஞ்சுதுன்னா இறங்குடா, ஸ்டூடண்ட் நிக்கறாங்க," என்று மாஸ்டர் அவனைக் கீழே இறக்கிவிட்டார்.

இந்த மாஸ்டரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பதில் பொருளில்லை. வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவைத்த மனுஷன், இங்கே அவள் வண்டியைப் பத்துத் தடவை அணைத்தாலும், "பரவாயில்லம்மா, வண்டிக்கும் நீங்க பழகணும்ல," என்றார். இவ்வளவு பொறுமையும் அவரிடம் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் பிரியமும் கோபமும் ஒன்றாக வந்தன.

பதினாறாவது கட்டத்தன்று ஒரு விபரீதம் நடந்தது. பெரிய சாலையில், காரணமே இல்லாமல், மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று ஒரு சாண் தள்ளி நின்றது. பஸ் டிரைவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

"ஒரு போல்ட்டைக் கழட்டிட்டாப் போதும்க்கா," என்றான் மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும், குரலைத் தாழ்த்தி. "அவர் பக்கத்து பெடல் சும்மா ஏறி இறங்கும். பிரேக் விழாது. அவருக்குத் தெரியவே தெரியாது."

அவள் யோசித்தாள். எப்படியும் அவரைப் பூட்டி வைத்தாகிவிட்டது. கேஸ் அடுப்பை இரும்புச் சங்கிலியால் கட்டியாகிவிட்டது. சவரக் கத்தியை ஒளித்தாகிவிட்டது. இதுவும் அந்தக் கணக்கில் ஒன்று.

"கழட்டிடு," என்றாள்.

சுலபமாகத்தான் போயிற்று. இருபத்தைந்தாவது கட்டத்தன்று, மெக்கானிக் மாஸ்டரை டீக்கடையில் பிடித்து வைத்திருந்த அரை மணி நேரத்துக்குள் அவள் லைசென்ஸ் டெஸ்டில் பாஸாகிவிட்டாள். இருபத்தேழாவது கட்டத்தன்று முதன்முறையாக அவர்கள் இருவர் மட்டும், பின்சீட்டில் யாரும் இல்லாமல், இல்லம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

பாதி வழியில் ஒரு சந்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் தலையைக் குனிந்தபடி சாலைக்கு வந்துவிட்டார். அவள் பார்ப்பதற்கு முன்பே மாஸ்டர் பார்த்துவிட்டார். அவர் கால் பிரேக்கை மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் மிதித்தார். பெடல் தகரத்தில் டங்கென்று இடித்தது. அதற்குள் அவளும் பார்த்துவிட்டு மிதிக்க, வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் எதுவும் தெரியாமல் தாண்டிப் போனார்.

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். இன்னும் ஒருமுறை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என் பிரேக் புடிக்கலை," என்றார். குழந்தை சொல்வதுபோல இருந்தது. "யாரோ கழட்டியிருக்காங்க."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவரை அவள் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள், பயந்து பார்த்ததில்லை. அவர் கை சீட்டின் விளிம்பைக் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை விடவில்லை.

நாளைக்கு மறந்துவிடுவார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மைதான், மறந்துவிட்டார். சைக்கிள் ஞாபகமில்லை, சந்து ஞாபகமில்லை. ஆனால் கார்க் கதவைத் திறந்ததும் அவர் கால் தரையைவிட்டு எழும்பவில்லை. "வேண்டாம்மா," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியலை, வேண்டாம்," என்று நடுங்கினார். அட்டையைக் காட்டினாள். அதைக் கண்ணெடுத்துப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. ஞாபகம் போன பிறகும் பயம் மட்டும் போகாமல் உடம்பில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. விடுப்பில் இரண்டு நாள்தான் பாக்கி.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"போல்ட்டைத் திரும்ப மாட்டு."

"அக்கா, நடு ரோட்டுல மிதிச்சார்னா?"

"மிதிக்கட்டும். நான் மெதுவா ஓட்டிக்கிறேன். அவர் உயிரையும் என் கையில கொடுத்துட்டு, காலுக்கடியில பொம்மை பிரேக்கை வெச்சுக்கிட்டு உட்காரணும்னா எப்படி? என்னாலயே உட்கார முடியாது."

மாட்டிவிட்டு மெக்கானிக் மாஸ்டரைக் கூப்பிட்டு, "மாஸ்டர், பிரேக் ரிப்பேர் பண்ணியிருக்கேன், செக் பண்ணிச் சொல்லுங்க," என்றான். அது பழைய பழக்கம். மாஸ்டர் வெளியில் நின்றபடியே ஒரு காலை உள்ளே நீட்டி அமுக்கினார். பெடல் கெட்டியாக எதிர்த்தது. இன்னும் ரெண்டு தடவை அமுக்கினார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

இருபது நிமிடப் பாதைக்கு அன்று ஐம்பது நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு சந்திலும் அவர் பிரேக் போட்டார். அவள் ஒவ்வொரு முறையும் முதல் கியரிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரனால் அவளை அர்ச்சனை செய்தார்கள். இல்லத்தின் நர்ஸ் கெட்டிக்காரி. கேட்டிலேயே வந்து, "மாஸ்டர், உள்ள உங்க ஸ்டூடண்ட்ஸ் காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள். மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். அன்றும் மறுநாளும் ஒத்திகை நன்றாகவே நடந்தது.

நாற்பத்தோராவது நாள் காலை. ஐம்பது நிமிடத்தைக் கணக்கில் வைத்து ஏழரைக்கே கிளம்பினார்கள். மாஸ்டர் அட்டையைப் பார்த்தார்.

"அட, இன்னைக்கு உங்களுக்குக் கடைசி கிளாஸ்."

இத்தனை நாளும் கட்டம் நிறைவதைத்தான் பார்த்தாளே தவிர, அட்டை தீரும் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. புது அட்டை எடுத்தால் நாளைக்கு முதல் கிளாஸ். முதல் கிளாஸில் எஞ்சினைத் தொடக் கூடாது.

மூன்றாவது சிக்னலில் நிற்கும்போது அவர் வாயைக் கிளறினாள். இன்று விட்டால் கேட்க முடியாது என்று தோன்றியது.

"மாஸ்டர், உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. ஒரு தடவை கேட்டா. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கெட்டிக்காரி அவ. என்னைவிடப் படிச்சவ. வண்டியும் ஓட்டத் தெரிஞ்சிட்டா, அப்புறம் என்னை எதுக்கு வெச்சுக்கப் போறா? போயிட்டான்னா?" என்றவர், வெட்கப்பட்டுச் சிரித்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

வண்டியை ஓரம் கட்டி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. ஒரு பயத்துக்காக முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்தாயே பாவி. யாரைக் கேட்பது? அந்தக் குற்றத்தைச் செய்தவன் எப்போதோ இறங்கிப் போய்விட்டான். இங்கே உட்கார்ந்திருப்பவர் அவளிடம் ஒரு ரகசியம் சொன்ன நல்ல மனுஷர். பச்சை விழுந்தது. அவள் கிளட்ச்சை விட்டாள்.

இல்லத்து கேட்டில் மாஸ்டர் முப்பதாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அதற்கடியில் ஒரு கோடும் இழுத்தார். அட்டையைக் கொடுக்கும்போது, கடைசி நாளில் எல்லா ஸ்டூடண்டுக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னார்.

"இனிமே பக்கத்துல ஆள் இல்லைன்னு நினைச்சு ஓட்டுங்கம்மா. அவ்வளவுதான். நான் இறங்கிக்கிறேன்."

இறங்கினார். நர்ஸோடு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு அவள் யார்? ஐந்து மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது: காலி சீட், திறந்த சாலை, தடுக்க எந்தக் காலும் இல்லை. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, தலையணை இல்லாமலே, சத்தமாக அழுதாள். பிறகு லேபுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

அன்று இருபத்திநாலு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒரு நரம்பும் தப்பவில்லை. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், கைப்பையில் இருந்த புது அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். முதல் சுழி, நடுவில் ஒரு வெட்டு, கடைசியில் மேலே தூக்கிய வால். இருபத்தெட்டு கட்டங்களில் அவர் கையெழுத்தைப் போட்டாள். இரண்டை விட்டுவைத்தாள்; நிறைந்த கட்டங்கள் குறைவாக இருந்தால் ஊரின் மறுகோடி வரைக்கும் ஓட்ட மாஸ்டர் விட மாட்டார். இரண்டு நாளுக்கு ஒரு அட்டை. பீரோவில் இன்னும் ஒரு கட்டு இருந்தது. எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாலையில் மாஸ்டர் கேட்டருகே சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். அவள் அட்டையை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் அவசரத்துல போட்டிருக்கேன் போல," என்றார். "சரி, ரெண்டு கிளாஸ்தான் பாக்கி. நல்லா ஓட்டுவீங்கன்னு நினைக்கிறேன்."

ஏறி உட்கார்ந்து, காலைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார். ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க போகணும் மாஸ்டர்?"

"வீட்டுக்கு விட்டுடுங்கம்மா. வீட்டுக்காரி தனியா இருப்பா. பாவம், காலையிலேர்ந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பா."

அவள் சாவியைத் திருப்பினாள்.

"சரி மாஸ்டர்," என்றாள்.

முதல் சந்திலேயே அவர் பிரேக் போட்டார்.